அரிவாள் படத்துக்கு என்ன அர்த்தம்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கருத்துரிமையும் இணைய மிரட்டலும்: பல நாட்டுச் சட்டங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் வக்கீல் இல்லை. மனுவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவன். அப்படி அலைந்த நேரத்தில் படித்ததைத்தான் சொல்லப் போறேன். அதனால ஒரு ஸ்டேஷன் வாசலிலிருந்தே தொடங்குறேன்.

கல்லூரியில் படிக்கிற நம்ம தோழர் ஒருத்தர், பேர் வேண்டாம். ஊர்த் திருவிழாவில் சாதிப் பெருமை பேசி வைத்த பேனர் ஒன்றைப் பற்றி சமூக வலைத்தளத்தில் நாலு வரி எழுதினாங்க. "எங்க அப்பா இந்தத் தெருவில் சைக்கிளை உருட்டிக்கிட்டுப் போனவர், நான் ஓட்டிக்கிட்டுப் போறேன்" என்பதுதான் அதன் சாரம். யாரையும் திட்டலை. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஆரம்பித்தது. வசவுகளை விட்டுடுவோம், அதெல்லாம் தலைமுறை தலைமுறையா நாம கேட்ட வசவுகள்தான். ஒரு பதிவில் மட்டும் வசவே இல்லை. ஒரு அரிவாள் படம். கீழே அவங்க தெருப் பேர். அவ்வளவுதான்.

மறுநாள் ஸ்டேஷனில் மூணு மணி நேரம் உட்கார வச்சாங்க. மனுவைப் படித்துவிட்டு ஒருத்தர் கேட்டார்: "அரிவாள் படம்தானேம்மா போட்டிருக்கான்? வெட்டுவேன்னு எங்க எழுதியிருக்கான்?" கடைசியில் சி.எஸ்.ஆர். ரசீது கிடைச்சது. எஃப்.ஐ.ஆர். கிடைக்கலை.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சப்ப ஒண்ணு தோணுச்சு. அந்தக் கேள்வி அந்த ஸ்டேஷன்காரருடைய கேள்வி மட்டுமில்லை. உலகத்தின் பெரிய பெரிய நீதிமன்றங்களும் அதையேதான் வேற பாஷையில் கேட்டுக்கிட்டிருக்கு. எது பேச்சு, எது மிரட்டல்? யார் மனசை வைத்து அதைத் தீர்மானிப்பது? போட்டவன் மனசையா, பார்த்தவள் மனசையா?

அமெரிக்காவை முதலில் எடுத்துக்குவோம். அரிவாளுக்கு அங்கே சமானம் எரியும் சிலுவை. வெள்ளை வெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் கறுப்பர் வீட்டு வாசலில் சிலுவையை நட்டுக் கொளுத்தும். ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை. அடுத்து என்ன வரும் என்று அந்த வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். 1998இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கறுப்பர், பக்கத்து வீட்டுப் பின்புறத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்குதே என்று விசாரித்தார். கொஞ்ச நாளில் அவர் வீட்டு முற்றத்தில் சிலுவையைக் கொளுத்தப் பார்த்தார்கள். அதே ஆண்டு அதே மாநிலத்தில், வேறொரு ஊரில், சொந்தக்காரர் அனுமதியோடு ஒரு வயலில் கிளான் கூட்டம் போட்டு பெரிய சிலுவையை எரித்தது. இரண்டும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனது.

2003இல் தீர்ப்பு. பயமுறுத்தும் நோக்கத்தோடு சிலுவை எரிப்பதை அரசு தடை செய்யலாம். ஆனால் எரித்ததையே அந்த நோக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது, நோக்கத்தைத் தனியாக நிரூபிக்க வேண்டும் என்றார்கள். வயலில் எரித்தவனுக்குத் தண்டனை நிற்கவில்லை. அந்த அமர்வில் இருந்த ஒரே கறுப்பு நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். விசாரணையில் வாயே திறக்காதவர் என்று பேரெடுத்தவர். அன்றைக்கு அவர் பேசினார், கறுப்பர்களை அடித்துக் கொன்று தொங்கவிட்ட காலத்தை நினைவூட்டினார். சிலுவை எரிப்பது கருத்தே அல்ல, வெறும் பயங்கரம் என்று மாறுபட்ட தீர்ப்பும் எழுதினார். மற்ற பல விசயங்களில் அந்த மனுசரோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆனா இதில் அவர் சொன்னது சட்டப் புத்தகத்தில் படித்ததில்லை, தோலில் படித்தது.

சரி, அப்படின்னா அமெரிக்கச் சட்டம் மோசம்னு சொல்லிட்டுப் போயிடலாமா? அவசரப்பட வேண்டாம். 1964இல் ஒஹையோவில் கூட்டம் போட்டுப் பழிவாங்குவோம் என்று பேசிய கிளான் தலைவர் பிராண்டன்பர்க்கை, உடனடியாக வன்முறையைத் தூண்டாத பேச்சைத் தண்டிக்க முடியாது என்று 1969இல் விட்டுவிட்டார்கள். நமக்கு வயிறு எரியும். ஆனா மிசிசிப்பியில் போர்ட் கிப்சன் என்கிற ஊரில் 1966இல் கறுப்பு மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். அதன் தலைவர் சார்லஸ் எவர்ஸ். அவர் அண்ணன்தம்பியில் ஒருவரான மெட்கர் எவர்ஸ் 1963இல் சுட்டுக் கொல்லப்பட்டவர். கட்டுப்பாட்டை மீறிக் கடைக்குப் போகிறவன் கழுத்தை முறிப்போம் என்கிற மாதிரி மேடையில் பேசினார். கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மாநில நீதிமன்றம் பன்னிரண்டரை லட்சம் டாலர் நட்டஈடு கட்டச் சொன்னது, அந்த இயக்கமே முடிஞ்சிருக்கும். 1982இல் உச்ச நீதிமன்றம் காப்பாற்றியது. எதை வைத்து? கிளான் தலைவரை விட்ட அதே பிராண்டன்பர்க் தீர்ப்பை வைத்து!

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். போர்ட் கிப்சனில் கட்டுப்பாட்டை மீறினவர்களும் கறுப்பர்கள்தான். எவர்ஸ் பேச்சைக் கேட்டு அவர்களுக்கும் பயம் வந்திருக்கும். நம்ம தலைவர் பேசினா அது ஆவேசம், எதிரி பேசினா மிரட்டல் என்று நாமும் கோடு போட்டுக்கொள்ள முடியாது.

இனி இணையத்துக்கு வருவோம். கொலராடோவில் கவுன்டர்மன் என்ற ஆள், முன்பின் தெரியாத ஒரு பாடகிக்கு 2014லிருந்து 2016 வரை ஃபேஸ்புக்கில் நூற்றுக்கணக்கில் செய்தி அனுப்பினான். அவர் தடுக்கத் தடுக்கப் புதுக் கணக்கு. அவரை எங்கேயோ பார்த்துக்கொண்டே இருப்பது போன்ற செய்திகள், செத்துப் போகச் சொல்லும் செய்தி. அந்தப் பெண் கச்சேரிகளை ரத்து செய்தார். தூக்கம் போச்சு. கவுன்டர்மனுக்கு நாலரை வருசம் சிறை. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று தண்டனையை நீக்கித் திருப்பி அனுப்பியது. சாதாரண மனிதர் ஒருவர் பயப்படுவார் என்பது போதாது. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தும் துணிந்து அனுப்பினானா என்று காட்ட வேண்டும் என்றது. மாறுபட்ட இருவரில் ஒருவர் மறுபடியும் அதே தாமஸ்தான்.

அந்தத் தீர்ப்புக்கும் ஒரு நியாயம் இருக்கு. வாய் தவறி, கேலியாக, கோபத்தில் சொன்னதற்கெல்லாம் சிறை என்றால் முதலில் மாட்டுவது யார்? இங்கிலாந்தைப் பாருங்க. 2010 ஜனவரியில் பனியால் விமான நிலையத்தை மூடினார்கள் என்ற எரிச்சலில், வெடிவைத்துத் தகர்த்துடுவேன் என்று ட்விட்டரில் கிண்டலாக எழுதினார் பால் சேம்பர்ஸ். குற்றவாளி என்று தீர்ப்பு, அபராதம், வேலையும் போச்சு. 2012இல்தான் உயர் நீதிமன்றம் அதை நகைச்சுவை என்று புரிந்துகொண்டது. நகைச்சுவை புரிய இரண்டரை வருசம்! அதே இங்கிலாந்து 2023இல் புதுச் சட்டம் போட்டிருக்கு. கொலை, கடும் காயம் என்று மிரட்டும் செய்தியை, பார்ப்பவர் பயப்படுவார் என்று தெரிந்தும் கவலைப்படாமல் அனுப்பினாலே ஐந்து வருசம் வரை சிறை.

ஜெர்மனியில் ஒரு சாவு நடந்த பிறகுதான் சட்டம் மாறியது. காசெல் மாவட்ட நிர்வாகத் தலைவர் வால்டர் லூப்கே 2015 அக்டோபரில் ஒரு கூட்டத்தில் அகதிகளுக்கு ஆதரவாகப் பேசினார். அந்தக் காணொளி இணையத்தில் சுற்றியது, கொலை மிரட்டல்கள் குவிந்தன. 2019 ஜூனில் அவர் வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தவன். மிரட்டலுக்கும் தோட்டாவுக்கும் இடையில் மூன்றரை வருசத்துக்கு மேல். 'உடனடி ஆபத்து இருக்கா' என்று அளந்து பார்க்கிற சட்டம் இந்த மூன்றரை வருசத்தை எந்தத் தராசில் வைக்கும்? 2021இல் அங்கே மிரட்டல் குற்றத்தை விரிவாக்கினார்கள். அடிப்பேன், பாலியல் வன்முறை செய்வேன் என்பதும் இப்போது அதற்குள் வரும். இணையத்தில் பகிரங்கமாகப் போட்டால் தண்டனை கூடும்.

நம்ம தோழரை மிரட்டின கணக்கு எங்கேயிருக்குன்னு கேட்டா, ஏதோ வெளிநாடுன்னு காட்டுது. அது நிஜமோ பொய்யோ. கம்பெனி அமெரிக்காவில். கணக்குக்காரன் பேர், இணைப்பு எண் மாதிரியான விவரத்தைக் கம்பெனி விரும்பினால் நம்ம போலீசுக்குத் தரலாம். உள்ளே அனுப்பின செய்தி வேணும்னா அமெரிக்க நீதிமன்ற உத்தரவு வேணும். அதுக்கென்று 2001இல் கையெழுத்தாகி 2005இல் நடைமுறைக்கு வந்த இரு நாட்டு ஒப்பந்தம் இருக்கு. தாலுகா ஸ்டேஷனிலிருந்து டில்லி, டில்லியிலிருந்து வாஷிங்டன். ஒரு அரிவாள் படத்துக்காக யார் அந்தக் கோப்பைத் தள்ளிக்கொண்டு போவார்கள்? பிரான்ஸ் மாதிரி நாட்டுக்கே இது லேசில் நடக்கலை. நாஜிச் சின்னங்களை விற்கும் ஏலத்தைப் பிரெஞ்சு மக்கள் பார்க்கவிடாமல் தடுக்க வேண்டும் என்று 2000இல் பாரிஸ் நீதிமன்றம் யாகூவுக்கு உத்தரவு போட்டது. எங்க ஊரில் இது பேச்சுரிமை என்று யாகூ அமெரிக்க நீதிமன்றம் போனது. ஆறு வருசம் இழுத்தது.

நம்ம நாட்டில் என்ன கதை? பேச்சை அடக்கச் சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 66ஏ பிரிவு இருந்தது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே மூணு வருசம். 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று ஆக்கியது. செத்த பிரிவில் அப்புறமும் வழக்குப் போட்டார்கள். போடாதே என்று 2022இல் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 2013இல் உத்தரப் பிரதேசத்தில் தலித் எழுத்தாளர் கன்வல் பாரதியை ஃபேஸ்புக்கில் மாநில அரசை விமர்சித்ததற்காக வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். அன்றைக்கே பிணை கிடைத்தது, அது வேற. அவர்மேல் போட்ட பிரிவுகளில் ஒன்று, பிரிவினரிடையே பகைமை வளர்த்தது! அரிவாள் படம் போட்டவனுக்கு ஒரு பிரிவும் கண்ணுக்குத் தெரியலை. அதனால, புதுசா பொதுவான ஒரு சட்டம் கொண்டு வாங்கன்னு நான் கேட்க மாட்டேன். எல்லாரையும் பிடிக்கிற வலையில் முதலில் விழுவது நாமதான்.

நம்மகிட்டே இருக்கிற சட்டத்தை நாமே சரியாப் படிக்கலை என்பது என் எண்ணம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் வந்து 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கு. சாதி சொல்லி அவமதிக்கும் பிரிவில்தான் எல்லாரும் மனுப் போடுறோம். அதில் நோக்கத்தை நிரூபிக்கணும். பட்டியல் சாதிக்காரரை அவமதித்தாலே போதாது, சாதியின் பொருட்டு அவமதித்திருக்கணும் என்று 2024 ஆகஸ்டில் ஒரு யூடியூப் காணொளி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா அதே சட்டத்தில் 3(2) பிரிவுக்குள் இன்னொரு உட்பிரிவு இருக்கு. குற்றநோக்க மிரட்டல் உட்பட அட்டவணையில் உள்ள குற்றங்களை, எதிராளி பட்டியல் சாதி என்று *தெரிந்து* செய்தாலே போதும். சாதிக்காகத்தான் செய்தான் என்று அவன் நெஞ்சைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. குடும்பத்தை முன்பே தெரிந்தவன் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லையென்று காட்ட வேண்டியது அவன் வேலை. தெருப் பேர் தெரிஞ்சவனுக்குச் சாதி தெரியாதா? நம்ம ஊரில் தெருப் பேர் என்றாலே என்ன?

மிச்சமிருப்பது அந்த ஸ்டேஷன் கேள்விதான்: வெட்டுவேன்னு எங்க எழுதியிருக்கு? அதுக்குத்தான் போன மாசம் நாங்க உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினோம். நம்ம தாலுகாவில் அரிவாளால் நம்ம ஆட்கள் வெட்டுப்பட்ட சம்பவங்கள், தேதி, குற்ற எண், எந்த ஸ்டேஷன், வழக்கு என்ன ஆச்சு. எழுத எழுத ஒரு பக்கம் போதாமல் நாலு பக்கம் ஆயிடுச்சு. படத்துக்கு என்ன அர்த்தம் என்று அதில் நாங்கள் ஒரு வரியும் எழுதலை. அந்த நாலு பக்கத்தையும், திரையைப் படமெடுத்து மணி, தேதியோடு அச்சடித்ததையும் மனுவோடு சேர்த்து டி.எஸ்.பி. அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கியிருக்கோம். இந்தச் சட்டத்தில் விசாரிக்க வேண்டியவர் அவர்தான்.

வர்ற புதன்கிழமை மறுபடி போறோம். அந்தத் தோழரும் வர்றாங்க. கூட வர முடிந்தவர்கள் வாசலில் இருக்கிற நோட்டில் பேர் எழுதிட்டுப் போங்க. உங்க ஊர்ச் சம்பவம் அந்த நாலு பக்கத்தில் விட்டுப்போயிருந்தா குற்ற எண்ணோடு கொண்டு வாங்க.