முதன்முறையாக விமானம் ஏறுவோருக்கு

(வெளிநாடு செல்வோருக்கான வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உம்ராவுக்குப் புறப்படும் பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். துபாய், தோஹா என்று முதல் வேலைக்குப் போகும் தம்பிகள் இருக்கிறீர்கள். அங்கே இருக்கும் மகனையும் மகளையும் பார்க்கப் போகும் தாய்மார்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். விமானப் பயணத்தின் சிரமங்களில் பெரும்பகுதி வானத்தில் வருவதில்லை. வீட்டில் பெட்டி கட்டும்போதே அவை உள்ளே போய்விடுகின்றன. அங்கேயே கவனித்துவிட்டால் பயணம் லேசாகிவிடும், இன்ஷா அல்லாஹ்.

முதலில் பாஸ்போர்ட். போகும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது அது செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. நம் ஊர்ப் பக்கம் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கும். குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். விசிட் விசாவில் வருவோருக்கு அப்படி ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. ஆகவே டிக்கெட் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் போய்க் கேட்டால் நேரம் கடந்துவிடும்.

இரண்டாவது, கைப்பை. பெரிய பெட்டி சில சமயம் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்து சேரும். அந்த ஒரு நாளைச் சமாளிக்கத் தேவையானது எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். ஒரு மாற்று உடை, மூக்குக் கண்ணாடி, போன் சார்ஜர், பத்திரங்களின் நகல், எல்லாவற்றுக்கும் மேலாக மருந்து. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் போடவே போடாதீர்கள். இன்சுலினை அங்கே வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். பவர் பேங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. தண்ணீர், எண்ணெய், ஊறுகாய் போன்றவை 100 மில்லிக்கு மேல் கைப்பையில் போகாது. ஊறுகாயை நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

மூன்றாவது, எதைக் கொண்டுபோகக் கூடாது என்பது. தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். குருமாவுக்கு அரைக்கிற கசகசா இருக்கிறதே, அது அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். நம் அடுப்படியில் அது மசாலா. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. பிள்ளைக்கு ஆசையாக மசாலாப் பொடி திரித்துக் கொண்டுபோகிறவர்கள் அதில் கசகசா சேர்க்காதீர்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அதையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

மருந்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் டானிக்குகள் வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. மருந்தை அதன் அட்டையோடு எடுங்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டையும் கூடவே வையுங்கள். வலி, தூக்கம், மனநலம் தொடர்பான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்த நாட்டில் முன் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

இன்று நான் மிக முக்கியமாகச் சொல்ல நினைப்பது பார்சல் விஷயம். ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரிந்தால் தெருவே பார்சலோடு வந்து நிற்கும். "என் மகனுக்குக் கொஞ்சம் கருவாடு, மருமகனுக்கு ரெண்டு மாத்திரை" என்பார்கள். மறுத்தால் மனவருத்தம் வருமே என்று நாமும் வாங்கி வைத்துவிடுகிறோம். 2019இல் மும்பையைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதி கத்தாருக்குப் போனார்கள். உறவினர் ஒருவர் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் 4 கிலோவுக்கு மேல் கஞ்சா பிசின் இருந்தது. அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. இருவருக்கும் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையிலேயே குழந்தை பிறந்தது. உண்மை வெளிவந்து அவர்கள் ஊர் திரும்பியபோது 2021 ஆகிவிட்டது. கொடுத்தவர் அந்நியர் அல்ல, சொந்தக்காரர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். யார் கொடுத்தாலும், "என் முன்னால் பிரித்துக் காட்டுங்கள், நானே கட்டிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். தைத்த தலையணை, ஒட்டிய டப்பா, பெயர் தெரியாத பொடி, சீட்டு இல்லாத மருந்து எதுவும் வேண்டாம். விமான நிலைய வாசலில் வந்து நீட்டுகிற பையைத் தொடவே தொடாதீர்கள். கேட்பதில் வெட்கமில்லை. கொடுக்கிறவர்களும் இதை அவமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரித்துக் காட்டுவது நம் எல்லோருக்கும் பாதுகாப்பு.

இனி விமானத்துக்குள். தளர்வான பருத்தி உடையும், கழற்ற எளிதான செருப்பும் போதும். உள்ளே குளிரும்; ஒரு சால்வை வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியில் இருப்பதுபோல் இருக்கும். காற்று அதைவிட மிகவும் வறண்டிருக்கும். அதனால்தான் உதடு காய்கிறது, தலை வலிக்கிறது. கழிவறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். எழுந்து போவதும் நல்லதுதான். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இது அரிதாக வருவதுதான். என்றாலும் ஜித்தா போகச் சுமார் 6 மணி நேரம் ஆகும். மணிக்கொரு முறை எழுந்து நடங்கள். உட்கார்ந்த இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் மருத்துவரைப் பார்த்துவிட்டே ஏற வேண்டும்.

விமானம் இறங்கும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள். கைக்குழந்தைக்கு அந்நேரம் பால் கொடுத்தால் அழுகை குறையும். காது அடைக்கும் அளவு கடும் சளி இருந்தால் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

ஹலால் உணவோ சர்க்கரை நோயாளிக்கான உணவோ வேண்டுமென்றால் ஒரு நாள் முன்பாவது பதிவு செய்யச் சொல்லுங்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே கேட்டுவிட வேண்டும். உம்ராவுக்கு நேராக ஜித்தா போகிறவர்கள் இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். மீக்காத் எல்லையை விமானம் வானத்திலேயே கடந்துவிடும்.

கடைசியாக, டிக்கெட் போடும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உம்மாவோ அத்தாவோ தனியாக வருகிறார்கள் என்றால் சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் நேர் விமானத்தில் போடுங்கள். நள்ளிரவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் தேட வைக்காதீர்கள். தங்கப்போகும் முகவரியையும் உங்கள் போன் எண்ணையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். போன் அணைந்துபோனாலும் அந்தத் தாள் பேசும்.

3 மணி நேரம் முன்பே விமான நிலையம் போய்விடுங்கள். பதற்றமில்லாமல் புறப்படுங்கள். உங்கள் எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் இலேசாக்கி, நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.