புற்றுநோயாளர் உதவி நடை: பள்ளிச் சிறாருக்கு ஓர் அறிமுகம்

(சங்கச் சிறுவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மருத்துவர் ஒருவர் பேசவேண்டிய பொருளைப் பற்றிப் பேசச் சங்கத்தார் எங்களைப் பணித்துள்ளனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாக்களாக அமர்ந்திருப்பவர்கள் நாங்கள். ஆயினும் பம்பாயில், இன்றைய மும்பையில், அந்த நாற்காலியில் அமர்ந்தவர்க்குப் புற்றுநோய் புதிதன்று. பரேலில் 1941-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டாட்டா நினைவு மருத்துவமனையை நாடி இந்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். ஊர் திரும்புங்கால் மருத்துவச் சான்றுடன் எங்கள் ஜன்னலண்டை நிற்கின்றனர்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் உடல் எண்ணிறந்த நுண்ணிய உயிரணுக்களால் ஆனது. அவை வேண்டிய அளவு பெருகி, வேண்டாதபோது நின்றுவிடும். சிவப்பு விளக்கைக் கண்டு வண்டி நிற்பதுபோல் என்று கொள்ளுங்கள். சில அணுக்கள் விளக்கை மதியாமல் பெருகிக்கொண்டே போவதுதான் புற்றுநோய். எங்கள் மொழியில் சொன்னால், சிக்னலை மீறிய வண்டி. இது தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் உண்டாலும் ஒட்டாது. பக்கத்தில் அமர்ந்து படித்தாலும் ஒட்டாது. இதை மூன்று முறை சொல்லக் காரணமுண்டு.

முன்பு நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டு அம்மையாருக்கு மார்பில் புற்றுநோய் கண்டது. அவ்வீட்டுப் பெண்ணும் எங்கள் மகளும் ஒரே வகுப்பு. "அங்கே போனால் தண்ணீர் குடியாதே" என்று எங்கள் மகளிடம் நாங்கள்தாம் சொன்னோம். பள்ளியில் படித்த நாங்கள், செய்தித்தாள் வாசிக்கும் நாங்கள் அவ்வாறு சொன்னோம். சில மாதங்கள் கழித்து ஒருநாள் வீட்டில் அவர்கள் அங்கே போனபோது, மாடத்தில் ஒரு டம்ளர் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததாம். "வருகிறவர்களுக்கென்று வைத்திருக்கிறேன் அக்கா, நாங்கள் யாரும் அதைத் தொடுவதில்லை" என்றாராம் அந்த அம்மையார். அவர் குணமடைந்தார், கணவருக்கு மாற்றலாகி வேறு ஊர் சென்றுவிட்டார். நாங்கள் இதுவரை அவரிடம் அதுபற்றி ஒரு சொல்லும் பேசினோமில்லை.

இனி, நீங்கள் கேட்க விரும்பும் கதைக்கு வருவோம். கனடா நாட்டில் டெரி ஃபாக்ஸ் என்றோர் இளைஞர் இருந்தார். 1958-இல் பிறந்தவர், கூடைப்பந்து ஆடுபவர். 1977-இல், பதினெட்டு வயதில், எலும்பில் புற்றுநோய் வந்து, வலக்காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அறுவைக்கு முந்தைய இரவு, செயற்கைக் காலுடன் நியூயார்க் மராத்தானில் ஓடிய ஒருவரைப் பற்றிய கட்டுரையை அவருடைய பயிற்சியாளர் கொடுத்தார். ஆனால் அவரை ஓடத் தூண்டியது அதுமட்டுமன்று. மருத்துவமனையில் தம்மைச் சுற்றிப் படுத்திருந்த மற்ற நோயாளரையும், அவர்களில் சிறு குழந்தைகளையும், அவரால் மறக்க இயலவில்லை.

1980 ஏப்ரல் 12-ஆம் நாள், அட்லாண்டிக் கரையில் செயிண்ட் ஜான்ஸ் என்னும் ஊரில், செயற்கைக் காலைக் கடல்நீரில் நனைத்து ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். தாதரில் புறப்பட்டு டோம்பிவிலியைத் தாண்டும் தொலைவு அது. அதை லோக்கலில் நின்று போவதற்கே நாம் சலித்துக்கொள்கிறோம்! முதல் நாட்களில் அவரை அறிந்தவர் சிலரே. போகப்போக நாடே சாலையோரம் திரண்டது. கனடாவில் ஆளுக்கொரு டாலர் தந்தால் போதும் என்பதே அவர் வேண்டுகோள்.

143 நாட்கள் ஓடினார், 5,373 கிலோமீட்டர். திப்ரூகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் கடப்பதே சுமார் 4,200 கிலோமீட்டர்தான். செப்டம்பர் முதல் நாள், தண்டர் பே நகருக்கருகில், நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் நின்றுவிட்டார். பசிபிக் கரையை அவர் அடையவில்லை. 1981 ஜூன் 28-ஆம் நாள் மறைந்தார். இருபத்துமூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருந்தது. ஆனால் அவ்வாண்டு பிப்ரவரிக்குள்ளேயே இரண்டு கோடியே நாற்பத்தொரு லட்சம் டாலருக்குமேல் சேர்ந்திருந்தது. தலைக்கு ஒரு டாலர் கணக்கு நிறைவேறிற்று. ஆண்டுதோறும் அவர் பெயரால் நடக்கும் ஓட்டத்தில் முதல், இரண்டாம் பரிசுகள் கிடையா. அது பந்தயமன்று. நம் நடையும் அவ்வாறே.

திரட்டும் பணம் எதற்கு என்று கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் ரயில்வே கட்டணமே வாங்குவதில்லை. உடன்செல்லும் ஒருவருக்கு நூற்றுக்கு 75 தள்ளுபடி. ஆகவே பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து சேர்வது எளிது. கதிர்வீச்சுச் சிகிச்சையோ பலருக்கு வாரத்தில் ஐந்து நாளாக ஐந்தாறு வாரங்கள் நீளும். அத்தனை நாளும் எங்கே உறங்குவது? எதைச் சமைப்பது? தாதரில் காட்கே மகாராஜ் பெயரால் விளங்கும் தர்மசாலையில் இடம் கிடைத்தவர் பேறு பெற்றவர். கிடையாதோர் பரேல் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் படுத்திருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். அவர்களுடைய தங்கலுக்கும் உணவுக்குமே இப்பணம்.

நன்கொடை கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். இது எங்கள் தொழிலுக்கு அடுத்தது. பெரியவர் துணையின்றிப் போகாதீர்கள். அறிந்த வீடுகளுக்கே செல்லுங்கள். ஒரு ரூபாயானாலும் கொடுத்தவர் கண்ணெதிரே தாளில் எழுதுங்கள். இல்லை என்றவரிடம் மறுமுறை கேளாதீர்கள். அவர் வீட்டிலேயே ஒரு நோயாளி இருக்கக்கூடும். நடையன்று தலையில் முடியில்லாத குழந்தை எவரேனும் வந்தால் உற்றுப் பார்க்கவேண்டா. முடி உதிர்ந்தது மருந்தினால்; மருந்து முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் வளரும். பெயரைக் கேளுங்கள், எந்த வகுப்பு என்று கேளுங்கள்.

நடை வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, சங்கக் கட்டட வாயிலில் தொடங்கும். செருப்பைத் தவிர்த்துக் காலணி அணிந்து வாருங்கள். நடக்க இயலாதவர்க்குத் தண்ணீர் மேசையில் வேலை உண்டு. டம்ளர்கள் நூறு வாங்கியுள்ளோம், அனைவருக்கும் அவையே. நன்கொடைத் தாள்கள் வாயிலருகே உள்ளன. ஒவ்வொன்றிலும் எண் இட்டிருக்கிறோம்; தொலைத்தவர் அன்றே எங்களிடம் சொல்லிவிட வேண்டும்.