சித்திரக் கதையாய் மலர்ந்த போராட்ட வரலாறு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தொளி ஏற்றிவரும் இக்கழகத்தின் விழாவில், ஒரு நூல் பிறந்த கதையைக் கூற விழைகின்றோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போரில் முன்னணியில் நின்ற ஜான் லூயிஸ், தம் வாழ்க்கையைச் சித்திரக் கதையாக்கிய வரலாறு அது. ‘மார்ச்’ என்பது நூலின் பெயர்; அணிவகுப்பு என்பது அதன் பொருள்.

லூயிஸ் 1940-இல் அலபாமா மாநிலத்து டிராய் நகரின் அருகே, வாரத்துக்கு உழும் குடும்பத்தில் பிறந்தவர். பருத்தி எடுக்கும் காலத்தில் பிள்ளைகளும் வயலில் இறங்கியாக வேண்டும். அவரோ வீட்டு முகப்பின் அடியில் ஒளிந்திருந்து, பள்ளிப் பேருந்து வந்ததும் ஓடி ஏறிக்கொள்வார். 1956-இல், தம் பதினாறாம் வயதில், உறவினர் பிள்ளைகளோடு பொது நூலகம் சென்று உறுப்பினர் அட்டை கேட்டார். நூலகம் வெள்ளையர்க்கே உரியது என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். அந்த வாசற்படியை நாம் அறிவோம். நம் முன்னோர் பலரும் அத்தகைய படிகளில் நின்றவர்களே.

நூலகம் மூடிய கதவைச் சிறு புத்தகம் ஒன்று திறந்தது. மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் மாண்ட்கோமரி நகரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பை விளக்கும் படக்கதை அது. 1957-இல் வெளிவந்த அதன் விலை பத்து சென்ட், பக்கங்கள் பதினாறே. வன்முறையின்றிப் போராடும் முறையை இளைஞர் பலர் அதில் கற்றனர். லூயிஸும் அவர்களுள் ஒருவர்.

ஐம்பதாண்டுகள் சென்றன. லூயிஸ் நாடாளுமன்ற உறுப்பினராய் உயர்ந்திருந்தார். 2008-ஆம் ஆண்டுத் தேர்தல் பணியின்போது, ஆண்ட்ரூ அய்டின் என்னும் இளம் ஊழியர், தேர்தல் முடிந்ததும் படக்கதை ஆர்வலர் மாநாட்டுக்குச் செல்லப்போவதாகக் கூறினார். உடனிருந்தோர் நகைத்தனர். லூயிஸ் நகைக்கவில்லை. தம் போராட்டத்துக்கு ஒரு படக்கதை துணை நின்றதை எடுத்துரைத்தார். அதனைத் தேடிப் படித்த அய்டின், “ஐயா, உங்கள் வரலாற்றையும் படக்கதையாக எழுதுங்கள்” என்று வேண்டினார். உடனே இசைவு கிட்டாதபோதும் மீண்டும் மீண்டும் வேண்டினார். “நீயும் உடன் எழுதுவதாயின் எழுதலாம்” என்றார் பெரியவர்.

அதன்பின் ஆண்டுகள் பல உழைத்தனர். பகலில் அலுவலகப் பணி. இரவிலும் விடுமுறை நாள்களிலும் நூற்பணி. மூத்தவர் நினைவுகூர்ந்து சொல்ல, இளையவர் காட்சி காட்சியாகப் பிரித்து எழுதினார். பின்னர் ஓவியர் நேட் பவல் வந்து சேர்ந்தார். வண்ணங்களை நாடாமல், கறுப்பு மையாலும் சாம்பல் நிறச் சாயலாலும் அவர் வரைந்தார்.

நூல் செல்மா நகரப் பாலத்தில் தொடங்குகிறது. 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு நடந்த ஏறத்தாழ அறுநூறு பேரைக் காவலர் அடித்து நொறுக்கிய பாலம் அது. லூயிஸின் மண்டையோடு அங்கே பிளந்தது. அடுத்து, கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முறையாகக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற 2009 சனவரி 20-ஆம் நாளின் காலைப்பொழுது. தம் அலுவலகத்துக்கு வந்த சிறுவர் இருவர்க்குப் பெரியவர் பழங்கதை சொல்கிறார். அந்தச் சிறுவர்களோடு நாமும் அமர்ந்து கேட்கிறோம்.

2013, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளிவந்தன. மூன்றாம் தொகுதி 2016-இல் இளையோர் இலக்கியத்துக்கான அமெரிக்க தேசிய நூல் விருதைப் பெற்றது. சித்திரக் கதை நூலொன்று தேசிய நூல் விருது பெற்றது அதுவே முதன்முறை. விருது மேடையில் லூயிஸ் குரல் தழுதழுக்க நினைவுகூர்ந்தது எதனை? பதினாறு வயதில் தம்மைத் திருப்பி அனுப்பிய நூலகத்தை.

தம் வரலாற்றை அவர் 1998-இல் உரைநடையிலும் எழுதியிருந்தார். எனினும் சித்திர நூல், அந்தத் தடித்த நூலை எடுத்திராத சிறுவர் கைகளையும் எட்டியது. படக்கதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் நாட்டிலும் 2011-இல் வெளிவந்த ‘பீமாயணா’, அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் தண்ணீர் மறுக்கப்பட்ட கொடுமையைத் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்னும் பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியரின் கைவண்ணத்தில் கண்முன் நிறுத்தியது.

மாணவச் செல்வங்களே! லூயிஸ் 2020-இல் மறைந்தார், நூல் நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணம், அவர் வாழ்ந்தபோதே கேட்க ஓர் இளைஞர் இருந்தார். கேட்டதோடு விடாமல் எழுதவும் செய்தார். நம் தெருவில் முதன்முதல் பலகையும் பல்பமும் ஏந்திப் பள்ளி சென்றவர் யார்? வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து பாடம் கேட்டவர் யார்? அவர்களுள் சிலரேனும் இன்னும் நம்மிடையே உள்ளனர். பெரியோர் தாமாகச் சொல்லார், கேட்டால் சொல்வர். விடுதி மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பெரியவரிடம் அமர்ந்து, கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதுக. வரையும் கை வாய்த்தவர் வரைக. நம் கழகத்தின் பொன்விழா மலர் அக்குறிப்பேடுகளிலிருந்து பிறக்கட்டும்.