கல்லும் குருணையும்

திருவிடைமருதூர்ப் பக்கம் சின்னதாக ஒரு நெல் அரவை மில் வைத்திருக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் பழக்கம். குரல் தூக்கலாக இருந்தால் ரேடியோவைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைக்கிறீர்கள். நறுக்கென்று ஒரு கல். உங்கள் முகம் மாறுகிறது. பரிமாறுகிறவர் முகம் அதைவிட மாறுகிறது. கோபக்காரன் பல்லைக் கடித்தாலும் 'நறநற' என்றுதான் சொல்கிறோம். 'புருஷன் போனப்புறம் பல்லைக் கடிச்சிக்கிட்டு மூணு பிள்ளையையும் ஆளாக்கினா' என்கிறோமே, அங்கேயும் பல்தான். ஆங்கிலத்தில் 'கிரிட்' என்றால் பொடிக்கல், நெஞ்சுரம் இரண்டும். நாமோ பல்லுக்கடியில் கல்லே இல்லாமல் கடித்துக் காட்டுகிறவர்கள்!

கல் எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் தார்ரோடுதானே நெற்களம். நெல்லோடு ரோட்டு ஜல்லியும் மூட்டை ஏறிவிடும். மெஷினுக்குள் கல் போனால் சத்தமே காட்டிக்கொடுக்கும். டீக்கடையில் இருந்தாலும் ஓடிவந்து சுவிட்சை அணைப்பேன். அம்மா காலத்தில் முறத்தில் புடைத்து, அரிக்கன்சட்டியில் அரித்து எடுத்தார்கள். அரிக்கன்சட்டி பார்த்த நேயர்கள் எத்தனை பேர்? சரி, கல்லை இத்தோடு விடுகிறேன். எனக்குப் பிடித்தது குருணை.

அரைக்கும்போது ஒடிந்து விழுவது குருணை, அதிலும் பொடியாக விழுவது நொய். 'நொய்யரிசி கொதி தாங்காது' என்று பழமொழியே இருக்கிறது. பூஞ்சை மனசுக்காரனைச் சொல்வது. மில்காரனுக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. நொய் தன் குற்றத்தால் ஒடியவில்லை. தை மாதம் பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி பனி. காய்ந்த நெல் மறுபடி ஈரம் குடித்தால் அரிசிக்குள் மயிரிழையாகக் கீறல் விடும். மெஷின் அந்த இடத்தில்தான் ஒடிக்கும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் எத்தனை நல்ல ரகம் கொடுத்தாலும், காயப்போடுகிறவர் அசந்தால் குருணைதான்.

அதே நெல்லை ஊறவைத்து அவித்துப் பாருங்கள். உள்ளே மாவு இளகி, கீறலை மூடி, ஆறும்போது இறுகிவிடும். அப்புறம் லேசில் ஒடியாது. பச்சரிசியைவிட புழுங்கலரிசிக்கு உறுதி கூடுதல். கொதியில்தான் அந்த உறுதி வந்தது!

ஒரு ஆத்தா வருவார். பெரிய வீட்டு நெல்லை அரைத்துக் கொடுப்பது அவர் வேலை. அரிசி வீட்டுக்கு, குருணையும் தவிடும் ஆத்தாவுக்குக் கூலி. எல்லாரும் 'ஒடியாம அரை தம்பி' என்பார்கள். இவர் மட்டும் காதோரம் வந்து, "கொஞ்சம் இறுக்கி ஓட்டேன் தம்பி, வீட்ல நாலு வயிறு இருக்கு" என்பார். சல்லடைக்குக் கீழே முந்தானையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், ஒரு நொய் தரையில் விழாது. எத்தனை சுற்று இறுக்கினேன் என்று ரேடியோவில் சொல்ல மாட்டேன். பெரிய வீட்டார் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குருணையில் உப்புமா கிண்டுவார்கள் பாருங்கள்! வெண்கலப் பானையில் கடுகு, மிளகாய், பெருங்காயம் தாளித்து, ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர். கொதி வந்ததும் குருணையைப் போட்டுக் கிளறி, தணலைக் குறைத்து மூடிவிட வேண்டும். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் கொத்சு. அடியில் பிடிக்கிற காந்தலுக்கு எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை. கன்று போட்ட மாட்டுக்கு நொய்க்கஞ்சி, குஞ்சுக்கோழிக்கு ஒரு கைப்பிடி. வயலில் தூவுகிற பூச்சிமருந்துக்குக்கூட 'குருணை மருந்து' என்றே பேர் வைத்துவிட்டோம். மருந்து டப்பாவைச் சமையல்கட்டுப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வியட்நாமில் ஒடிந்த அரிசிச் சோறு தெருவுக்குத் தெரு விற்கும் பெயர்போன சாப்பாடு. அமெரிக்காவின் தென்பகுதியில் உடைத்த மக்காச்சோளத்தில் செய்யும் கஞ்சிக்கு 'கிரிட்ஸ்' என்றே பெயர். நம் நாட்டு அரசாங்கம் 2022 செப்டம்பரில் நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. ஆத்தா முந்தானையில் விழுந்ததற்கு உலகச் சந்தையில் அவ்வளவு மதிப்பு!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் முடிந்ததாம். ஆத்தா இப்போது இல்லை. அவர் பேத்தி போன வாரம் ஸ்கூட்டியில் நெல் கொண்டுவந்து, "ஒடியாம அரைங்கண்ணே" என்றாள். அரைத்துக் கொடுத்தேன். விழுந்த கொஞ்சக் குருணையையும் தனியே கட்டிக் கொடுத்தேன். உப்புமா கிண்டியிருப்பாள் என்று நம்புகிறேன். நீங்களும் ஒருநாள் கிண்டிப் பாருங்கள். கல் பார்த்துப் போடுங்கள்.