வெள்ளைப்படுதலும் ஆண்பிள்ளைகளும்
(ஆம்பூர் தோல் தொழிலாளர்களிடையே செய்த சொற்பொழிவு)



நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். கோவில் கோபுரத்தில் எதை எதையோ செதுக்கி வைத்து, பிள்ளைகுட்டிகளோடு சுற்றிவந்து கும்பிடுகிற நாட்டில், பெண்களின் ஒரு வியாதியைப்பற்றி வாய் திறப்பதுமாத்திரம் ஆபாசமாகிவிடுகிறது!

பெண்ணுறுப்பில் இயற்கையாகவே நல்ல கிருமிகள் இருந்து, ஒருவகைப் புளிப்பை உண்டாக்கி, மற்றக் கிருமிகள் பெருகாமல் தடுத்து வருகின்றன. அவை குறைந்துவிட்டால் சாம்பல் நிறமான நீர் பட்டு, மீன் கவிச்சி வீசும். டாக்டர்கள் இதைப் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்கிறார்கள். உலகத்தில் பிள்ளைபெறும் வயதுள்ள பெண்களில் 100க்கு 23 முதல் 29 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கு. அநேகருக்கு அடையாளமே தெரிவதில்லை. நாமோ எல்லாவற்றையும் 'உடம்புச் சூடு' என்று ஒரே மூட்டையாய்க் கட்டி, மோர் குடிக்கச் சொல்லிவிடுகிறோம்.

வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியார் நம் நாட்டுக் கிராமப்புறத்தில் மணமான 451 இளம்பெண்களை ஆராய்ந்து 2005ல் வெளியிட்டார்கள். 100க்கு 53 பேர் இவ்வகை உபாதைகள் ஏதேனும் உண்டென்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. ஏனென்றால், பெண் டாக்டர் இல்லை, மறைவிடம் இல்லை, தூரம், செலவு. அதோடு 'இது சகஜந்தானே' என்ற எண்ணம்! கர்ப்பிணிக்கு இது இருந்தால் குறைமாதப் பிரசவத்திற்கு இடமுண்டு. எய்ட்ஸ் கிருமி தொற்றுவதும் சுலபமாகிறது. இதுவா சகஜம்?

இதை வளர்ப்பவை எவை? தீட்டு, அழுக்கு என்று பயமுறுத்தப்பட்ட பெண் சோப்பையும் மருந்துநீரையும் உள்ளே விட்டுக் கழுவுகிறாள். நல்ல கிருமிகளே அழிகின்றன. புகை பிடிப்பதும் ஒரு காரணம். உறையில்லாத சேர்க்கை மற்றொன்று. இங்கேதான் ஆண்பிள்ளைகள் வருகிறார்கள்.

இத்தனை காலமும் மாத்திரை பெண்ணுக்குமட்டுமே கொடுக்கப்பட்டது. வியாதி திரும்பத் திரும்ப வந்தது. ஆஸ்திரேலியாவில், ஒருவருக்கொருவராக வாழ்ந்த 164 ஜோடிகளைக்கொண்டு சோதித்து 2025ல் முடிவை வெளியிட்டார்கள். பெண்ணுக்கு மட்டும் வைத்தியம் நடந்தவர்களில் 12 வாரத்திற்குள் 100க்கு 63 பேருக்கு மறுபடியும் வந்தது. ஆணுக்கும் 7 நாள் மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்த இடத்தில் 35 பேருக்குத்தான். ஆகவே, கவிச்சியை மோந்து மனைவியின் நடத்தையைச் சந்தேகிக்கிற மகா புருஷர்களைக் கேட்கிறோம்: அக்கிருமிகள் உங்கள் தோலிலும் குடியிருப்பதை எந்த சாஸ்திரத்தைக்கொண்டு மறைப்பீர்கள்?

ஷூ கம்பெனிகளில் நாள் முழுதும் தைக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் டாக்டரிடம் போகும்போது புருஷனும் கூடப் போகவேண்டும்; போய், வெளியே பீடி பிடித்து நில்லாமல், தனக்கும் வைத்தியம் தேவையா என்று உள்ளே வந்து கேட்கவேண்டும்.