போர்ஷியாவுக்கு வேடம் எதற்கு?



ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் பெண்ணுக்கு வலிமை தருவது அறிவா, இடமா? அறிவு அவளிடம் எப்போதும் இருக்கிறது. அதைச் செல்லுபடியாக்குவது இடம்தான் என்பதே என் வாதம்.

'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் இரண்டு உலகங்கள். வெனிஸ் என்பது துறைமுகம், கடன், நீதிமன்றம். அங்கே அதிகாரம் ஆண்களிடம். பெல்மாண்ட் என்பது இசை, நிலவொளி, மாளிகை. அதற்கு உரிமைக்காரி போர்ஷியா. ஆனால் அங்கேயும் அவளுக்கு முழு விடுதலை உண்டா? தங்கம், வெள்ளி, ஈயம் என மூன்று பேழைகளை வைத்து, சரியானதைத் திறப்பவனுக்கே மகள் என்று தந்தை எழுதிவிட்டுச் செத்தார். சொத்து அவளுடையது, மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும் அவளுக்கில்லை!

அந்தோனியோவின் உயிரைக் காப்பாற்ற வெனிஸில் யாராலும் முடியவில்லை. "சதையை அறுத்துக்கொள், ஆனால் இரத்தம் சிந்தக்கூடாது" என்று வழக்கையே புரட்டியவள் அவள். எப்படிப் போனாள்? ஆண் வேடத்தில்! போர்ஷியாவாகவே போயிருந்தால் அந்த மன்றம் காது கொடுத்திருக்குமா? இந்நாடகத்தைத் தமிழில் தழுவி எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபையிலும் பெண் வேடம் கட்டியவர்கள் ஆண்களே.

இது எங்கோ நடந்த கதையல்ல. நமது மலாக்காவும் வெனிஸைப் போல வணிகத் துறைமுகம்தான். அதன் உட்புறத்தில் 1896-இல் டான் சே யான் ரப்பர் பயிரிட்டார், தோட்டங்கள் பெருகின. ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் நம் பெண்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள், பால் மரம் சீவினார்கள், சீட்டுப் பிடித்துக் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். லயத்து வீட்டில் அவர்தான் நிதியமைச்சர். ஆனால் கங்காணி, கிராணி, துரை எல்லாம் ஆண்கள். 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் சில பகுதிகளுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

பட்டணம் வந்தும் கதவு உடனே திறக்கவில்லை. 1999-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, முஸ்லிம் அல்லாத தாய்க்குத் தன் பிள்ளையின் மீது தந்தைக்குச் சமமான பாதுகாவலர் உரிமை கிடைத்தது. பாலின வேறுபாடு காட்டக்கூடாது என்பது அரசியல் சாசனத்தில் சேர்ந்தது 2001-இல்.

சட்டம் மாறிவிட்டது, நம் வழக்கம் மாறியதா? ஆலயக் கூட்டத்துக்கும் பள்ளிக் கூட்டத்துக்கும் வீட்டில் யோசனை சொல்பவர் அம்மா; எழுந்து பேசிக் கைதட்டு வாங்குபவர் அப்பா. இதுவும் வேடம்தானே? யோசனை அம்மாவுடையது, குரல் மட்டும் ஆணுடையது.

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவே எழுந்து பேசட்டும்; கூட்டக் குறிப்பில் அவர் பெயரே பதிவாகட்டும். நம் வீட்டுப் போர்ஷியாக்களுக்கு வேடம் வேண்டாம், நாற்காலி கொடுங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.