முதியோர் இல்லத்தை அளக்கும் கோல்

(உரும்பிராயில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியுரிமைக்கும் நிலவுரிமைக்கும் மேடை போட்டுப் பழகிய ஊர் இது. இந்த மேடையில், படுக்கையை விட்டு எழ மாட்டாத ஒரு மூதாட்டியின் உரிமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் அரசியலே என்பதை உரை முடிவதற்குள் காட்டுவேன்.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் அறுபது வயதை எட்டியோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012 இல் அத்தொகை 12.4 ஆகியது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் நிறைந்த வலிகாமத்திலே இதன் பாரத்தை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. போர் எம் இளைஞரைத் தின்றது. தப்பியவரை இலண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் துரத்தியது. இந்தச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைவித்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள், காணியைச் சீதனமாகவும் நன்கொடையாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு, வெறுவீட்டுக்குக் காவலாக எஞ்சியிருக்கின்றனர்.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்ற வாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. கேட்க ஆளின்றிக் கிணற்றடியில் விழுந்து கிடப்பதைவிட, நல்லதோர் இல்லத்தில் வாழ்வது மேலானது. கைதடியில் அரச முதியோர் இல்லம் இருக்கிறது. தருமமாக நடைபெறும் இல்லங்களும், மாதக் கட்டணம் பெறும் இல்லங்களும் நாட்டில் இருக்கின்றன. கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். அங்கே நடைபெறும் பராமரிப்பின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? அளப்பவர் யார்?

இன்று நாம் அளக்கும் விதத்தைப் பாருங்கள். வாசலில் வளைவு இருக்கிறதா, தரையில் மாபிள் பதித்திருக்கிறதா, சுவரிலே கொடையாளரின் பெயர் பொறித்த கல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். தந்தையின் திவசத்தன்று ஒரு வேளைச் சோறு கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறோம். வெளிநாட்டிலுள்ள மகன், தலைவாரிப் பொட்டிட்டு உட்கார வைக்கப்பட்ட தாயைக் கைத்தொலைபேசித் திரையில் பத்து நிமிடம் பார்த்து மனந்தேறுகிறான். கமக்காரர்களே! உங்களிடம் வெங்காயம் வாங்க வருபவன் மூட்டையின் வாயை மட்டும் பார்த்து விலை பேசுகிறானா? கையை அடிவரை விட்டு அள்ளிப் பார்க்கிறானன்றோ? வெங்காயத்துக்குக் காட்டும் கவனம் பெற்ற தாய்க்கு வேண்டாமா?

வெளிமினுக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு பாடம் தந்திருக்கிறது. மேற்குச் சசெக்சில் ‘ஓர்க்கிட் வியூ’ என்ற பராமரிப்பு இல்லம் 2009 இல் திறக்கப்பட்டது. புதுக் கட்டிடம், உயர்ந்த கட்டணம். 2010 இல் அரச கண்காணிப்பு நிறுவனமே அதற்கு ‘நன்று’ என்று தரம் வழங்கியது. அங்கே பணிபுரிந்த ஒரு பெண் பொலிசாருக்கு அறிவித்த பின்னரே உள்ளே நடந்தவை வெளிவந்தன. 2011 இல் இல்லம் மூடப்பட்டது. இறந்த 19 முதியோரைப் பற்றி மரண விசாரணை நடந்தது. பத்தொன்பதின்மருக்கும் பராமரிப்புக் குறைபாடாகவே கிடைத்ததென்றும், அவர்களுள் ஐவரின் மரணத்துக்குப் புறக்கணிப்பும் ஒரு காரணமென்றும் மரண விசாரணை அதிகாரி 2013 இல் தீர்ப்பளித்தார். கட்டிடமும் பொய் சொல்லும். தரச்சான்றும் பொய் சொல்லும் என்பதே அதன் பாடம்.

அப்படியாயின் உண்மையான அளவுகோல் யாது? அமெரிக்க மருத்துவ அறிஞர் அவெடிஸ் டொனபேடியன் 1966 இல் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை மூன்று படிகளில் நோக்க வேண்டும் என்று எழுதினார். அமைப்பு, செயல்முறை, பயன் என்பவை அவை. இது கமக்காரனுக்குப் புதிதன்று. கிணறும் இறைப்பு இயந்திரமும் அமைப்பு. உரிய நாளில் நீர் பாய்ச்சுவதும் களை எடுப்பதும் செயல்முறை. விளைச்சல் பயன். இயந்திரம் வாங்கினேன் என்று சொல்லி ஒருவனும் விளைச்சலை மறந்திருப்பதில்லை. முதியோர் இல்லத்தில் மட்டும் நாம் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம்.

ஆகவே, எந்த இல்லத்துக்குச் சென்றாலும் ஆறு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, தோல். படுத்த படுக்கையாய் உள்ளவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையளவில் புரட்டிவிடுவது தாதியர் மரபு. அது தவறினால் இடுப்பிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் உண்டாகும். புண் இருக்கிறதா? இல்லத்துக்கு வருமுன் வந்ததா, வந்தபின் வந்ததா?

இரண்டாவது, நிறை. மாதந்தோறும் நிறுத்து எழுதுகிறார்களா? ஒரு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் அஃது அபாய அறிகுறி. ஐம்பது கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோ இழந்தால், சோறு தட்டுக்கு வந்தது. வாய்க்குப் போனதா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, கட்டும் மாத்திரையும். தொந்தரவு செய்கிறார் என்பதற்காகக் கையைக் கட்டிலோடு கட்டுவதும், நித்திரை மாத்திரையால் மயக்கி வைப்பதும் பராமரிப்பு ஆகா. பணியாளரின் வசதிக்காக இவ்வாறு செய்வதிலிருந்து விடுபடும் உரிமையை அமெரிக்கா 1987 இல் சட்டமாக்கியது. எந்த மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது, எத்தனை நாளாக என்று கேளுங்கள்.

நான்காவது, இரவு. கிணற்றின் வளத்தை மாரியில் அறிய முடியாது, கோடையில்தான் அறியலாம். இல்லத்தின் தரத்தைப் பகலில் அறிய முடியாது. இரவு இரண்டு மணிக்கு எத்தனை முதியவருக்கு எத்தனை பணியாளர் விழித்திருக்கிறார்கள்? இதை நிர்வாகியின் வாயால் அறிவது போதாது. சம்பளப் பதிவேட்டைப் பாருங்கள். அமெரிக்காவில் 2008 இல் இல்லங்களுக்கு நட்சத்திரத் தரம் வழங்கத் தொடங்கியபோது, பணியாளர் தொகையை இல்லங்கள் தாமே சொல்லின. பின்னர் அது மாற்றப்பட்டுச் சம்பளப் பதிவுகளே ஆதாரமாக்கப்பட்டன. அப் பதிவேட்டிலே இன்னொன்றும் தெரியும். பிறர் தாயைக் குளிப்பாட்டும் எம் ஏழைப் பெண்களுக்கு என்ன கூலி கொடுக்கப்படுகிறது என்பது தெரியும். மாதம் ஒரு முகம் மாறும் இல்லத்தில் நல்ல பராமரிப்பு நிலைக்காது.

ஐந்தாவது, பேச்சு. முதியவரோடு தனியே பேச விடுகிறார்களா? நிர்வாகி பக்கத்தில் நிற்கையில் ‘நல்லாய்த்தான் பார்க்கினம்’ என்று அவர் சொல்வதைச் சாட்சியமாக எந்த நீதிமன்றம் ஏற்கும்? அடைபட்டிருப்பவன் சாவி வைத்திருப்பவனைப் பற்றிக் குறை சொல்வானா?

ஆறாவது, உடைமை. ஓய்வூதியம் யார் கையில்? நகை எங்கே? இல்லத்தில் இருக்கும்போது அற்றோணித் தத்துவமோ நன்கொடை உறுதியோ எழுதப்பட்டதா? எழுதப்பட்டிருந்தால் முதியவருக்கு அதன் பொருளைச் சொல்லி விளக்கியவர் யார்?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று விதித்தது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாதவர் பிள்ளைகளிடமிருந்து மாதப்படி கோருவதற்குப் பராமரிப்புச் சபையையும் அமைத்தது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிப்போர் பதிவு செய்தல் வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நோயாளருக்கு மருத்துவமும் தாதிமையும் அளிக்கும் தனியார் நிலையங்களுக்கோ 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் வேறாக உண்டு. மூக்குக் குழாயால் உணவும் சிறுநீர்க் குழாயும் தேவைப்படும் ஒருவர் முதியோர் இல்லத்தில் கிடக்கும்போது, இவ்விரு சட்டங்களுக்கும் நடுவிலுள்ள வரப்பிலே கிடக்கிறார். இப்பக்கத்தார் அப்பக்கத்தைக் காட்டுவர். அப்பக்கத்தார் இப்பக்கத்தைக் காட்டுவர். ஆதலால் எந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பதிவு என்பது கதவைத் திறக்க அனுமதி. உள்ளே நடப்பதற்குச் சான்று அன்று என்பதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

‘தருமத்துக்குச் செய்கிறோம், எங்களிடமா கணக்குக் கேட்பது?’ என்று சில நல்லோர் மனம் வருந்தலாம். கோயில் கணக்குக்காக மாவட்ட நீதிமன்றப் படியேறும் சமூகம் நாம். பிள்ளையாரின் உண்டியலுக்குக் கேட்கும் கணக்கை, பெற்றவளின் உடம்புக்குக் கேட்பது அவமதிப்பாகாது. நன்றாக நடத்துபவருக்கு அது பாதுகாப்பு. ஏனெனில் கண்காணிப்பு இல்லாத இடத்தில் நல்லவரும் தீயவரும் ஒரே விலைக்குப் போவர்.

என் யோசனை இது. ஒவ்வொரு ஊரும் பார்வையாளர் குழு ஒன்றை அமைக்கட்டும். கிராம அலுவலர் பிரிவுகளிலுள்ள முதியோர் சங்கங்களிலிருந்து இருவர், ஓய்வுபெற்ற தாதியர் ஒருவர், ஆசிரியர் ஒருவர், கமக்காரர் ஒருவர் இருந்தால் போதும். அவர்களுள் பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். முன்னறிவிப்பின்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்லட்டும். ஒரு முறையேனும் இரவில் செல்லட்டும். ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதி, முதியவர் எவரின் பெயரையும் வெளியிடாது, ஊர் அறிய ஒட்டட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கட்டணம் செலுத்தும் பிள்ளை இதனை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக எழுதலாம். திவசச் சோறு கொடுப்பவர், பார்வையாளரை ஏற்கும் இல்லத்துக்கே கொடுப்பேன் எனலாம். கடல் கடந்து வரும் காசுக்கு அவ்வளவு வலிமை உண்டு. அதனைக் கல்லிலே பெயர் பொறிப்பதில் வீணாக்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் சமூக சேவையை மாகாணங்களின் கையில் வைத்தது. வடக்கு மாகாண சபை 2013 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 2018 அக்டோபரில் அதன் ஆயுள் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலின்றிக் கழிந்தன. அதிகாரத்தைக் கேட்டுப் போராடுவது எம் கடமை. அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க நான் சொல்லவில்லை. ஆனால், எங்களை நாங்களே ஆள்வோம் என்று உலகுக்குச் சொல்லும் மக்கள், இருபது கட்டில் உள்ள ஓர் இல்லத்தை நேர்மையாக நடத்திக் காட்ட வேண்டும். வாக்களிக்கச் செல்லவும் வலுவில்லாத, பத்திரிகைக்குக் கடிதம் எழுதவும் கண்ணில்லாத ஒருவருக்குக் கிடைக்கும் நீதியே ஒரு சமூகத்தின் நீதி.

குழுவில் சேர விரும்புவோர் இக் கூட்டம் கலையுமுன் பெயரைத் தாருங்கள்.